பார்ட் இருந்தால்தான் வாசிப்பார்கள்

குரோஷியாவின் தலைநகர் ஜாக்ரெப்பில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இங்கே ஒரு சின்ன இசைப் பதிப்பகத்துக்கு விற்பனைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். குரோஷியாவின் செவ்வியல் இசையை உலகமெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி இசை நோட்ஸ் அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். யூடியூபில் போட்டால் ஒரே நாளில் உலகம் கேட்டுவிடுமே, இந்தக் காலத்தில் தாளை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். சிரிக்கிறார்கள். நிஜமாகவே இதில் அர்த்தம் இருக்கிறதா?"

இருக்கிறது தம்பி. ஆனால் அவர்கள் அச்சடிக்கிற எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் வயோலா, அதாவது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய தந்தி வாத்தியம், வாசிப்பவன். நடுவில் சில வருடங்கள் ஓர் இசைக்குழுவின் நூலகத்தில் உட்கார்ந்து, நோட்ஸ் வரவழைப்பது, பிரித்துக் கொடுப்பது, திரும்ப எண்ணி வாங்குவது என்று குப்பை கொட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் பதிப்பகத்தார் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியும்.

முதலில் ஒரு விளக்கம். நாம் 'நோட்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. ஸ்கோர் என்பது இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் முன்னால் இருக்கும் தடித்த புத்தகம்; எல்லா வாத்தியமும் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும். பார்ட் என்பது ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனியாகப் பிரித்த தாள். இரண்டாம் வயலின்காரருக்கு இரண்டாம் வயலின் வரி மட்டும். ஒரு பெரிய சிம்பொனிக்கு இப்படி இருபத்தைந்து, முப்பது விதமான பார்ட் வரும். தந்தி வாத்தியங்களில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், ஸ்டாண்டுக்கு ஒரு பிரதி என்பதால் மொத்தம் ஐம்பது அறுபது பிரதிகள் ஆகிவிடும். ஸ்கோரை மட்டும் அழகாக அச்சடித்து வைத்தால் ஆய்வாளர்கள் சந்தோஷப்படுவார்கள். இசைக்குழுவால் அதை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம்கூட வாசிக்க முடியாது.

ஒரு படைப்பு கச்சேரிக்கு வருவது எப்படி என்று பாருங்கள். நடத்துநர் ஒருவர் எங்கேயோ ஒரு பதிவைக் கேட்கிறார், பிடித்துப்போகிறது. நூலகத்துக்குப் போன் செய்து "இதுக்கு மெட்டீரியல் எங்கே கிடைக்கும், என்ன விலை, எப்போது வரும்?" என்கிறார். மெட்டீரியல் என்றால் ஸ்கோரும் பார்ட்டும் சேர்ந்த முழுக்கட்டு. நூலகர் தேடுகிறார். இரண்டு நாளில் தெளிவான பதில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சி நிரல் கூட்டம் வந்துவிடும், அந்த இடத்தில் எல்லாருக்கும் பழகிய செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் உட்கார்ந்துவிடுவார். துவோர்ஷாக்கின் பார்ட் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறதே! எத்தனையோ நல்ல இசை இப்படித்தான் வாசலோடு திரும்பிப் போயிருக்கிறது. தரம் பற்றிய பேச்சு அங்கே எழவே எழாது.

உங்கள் யூடியூப் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கேட்பதற்கு யூடியூப் போதும். ஆனால் அந்தப் பதிவே பார்ட் இல்லாமல் நடந்திருக்காது. ஒரு பதிவைக் கேட்டு எழுபது பேர் காதால் பிடித்து வாசித்துவிட முடியாது.

இதற்கு இசையமைப்பாளர் டோரா பெயாச்செவிச்சை விட நல்ல உதாரணம் குரோஷியாவில் இல்லை. 1885இல் புடாபெஸ்டில் பிறந்த பிரபு குடும்பத்துப் பெண். அப்பா குரோஷியாவின் ஆளுநராக இருந்தவர். வளர்ந்தது நாஷித்ஸே என்ற ஊரின் மாளிகையில். முதல் உலகப் போரில் அங்கேயே காயம்பட்டவர்களுக்குத் தாதி வேலை பார்த்தார், அதே காலத்தில் எஃப் ஷார்ப் மைனர் சுருதியில் முக்கால் மணி நேரம் ஓடும் ஒரு சிம்பொனியும் எழுதினார். 1918இல் வியன்னாவில் அதன் இரண்டு பகுதிகள் அரங்கேறின. 1920இல் டிரெஸ்டனில் முழுதாக வாசிக்கப்பட்டது. 1923இல், குழந்தை பிறந்த சில வாரங்களில், மியூனிக்கில் இறந்துபோனார். வயது 37.

அதற்கப்புறம்? சிம்பொனி பல பத்தாண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. குரோஷியாவுக்குள் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கொரால்கா கோஸ் என்ற இசையியலாளர் பல ஆண்டுகள் உழைத்து அவரைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் வெளிநாட்டுக் குழு ஒன்று கேட்டால் எடுத்து நீட்ட சுத்தமான பார்ட் வேண்டாமா? ஜாக்ரெப்பின் இசைத் தகவல் மையம் அவர் படைப்புகளை ஒவ்வொன்றாகப் பதிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. பாட்டு, பியானோ, சில பேர் மட்டும் வாசிக்கும் அறை இசை, இசைக்குழுப் படைப்பு என்று வரிசையாக வெளியாயின. ஜெர்மன் நிறுவனம் ஒன்று அவற்றை ஒலிப்பதிவு செய்தது. 2022இல் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா சகாரி ஓரமோ நடத்த அந்தச் சிம்பொனியையும், பீட்டர் டொனோஹோ வாசிக்க பியானோ கான்செர்டோவையும் (தனி வாத்தியக்காரர் ஒருவர் முன்னால் நிற்க, இசைக்குழு கூட வாசிக்கும் படைப்பு) சேர்த்து வெளியிட்டது. இப்போது பெண் இசையமைப்பாளர்களைத் தேடிப்போகிற ஒரு காலமும் வந்திருக்கிறது, அது அவருக்குக் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலம் வந்தபோது தாள் தயாராக இருந்தது. தேடல் வந்தபோது தாள் இல்லாமல் போன எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

தாள் இருந்தும் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள் நானே பார்த்தேன். ஐம்பதுகளில் எழுதப்பட்ட ஒரு படைப்பு எங்கள் குழுவுக்கு வாடகைக்கு வந்தது. யாருடையது, எந்த நாடு என்பதெல்லாம் வேண்டாம், இசையமைப்பாளர் பாவம். பார்ட் எல்லாம் யாரோ கையால் எழுதியதின் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஐந்து கோட்டில் நாலு கோடுதான் தெரிந்தது. ஒரு புள்ளி சுரமா, தூசியா என்று பக்கத்து ஸ்டாண்டைக் கேட்க வேண்டியிருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் ஒத்திகைக் குறிகள் ஸ்கோரில் எழுத்தாக இருந்தன, பார்ட்டில் எண்ணாக இருந்தன. நடத்துநர் "கே-யிலிருந்து" என்பார். கே எங்கே என்று அறுபது பேர் தாளைப் புரட்டுவோம். வயோலா பார்ட்டில் ஒரு பக்கம் சரியாக ஒரு வேக ஓட்டத்தின் நடுவில் முடிந்தது. இடது கை தந்தியில், வலது கை வில்லில். பக்கத்தைத் திருப்ப மூன்றாவது கைக்கு எங்கே போவது? பக்கத்தில் இருந்தவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திருப்பினார், பாதி சத்தம் போயிற்று. முதல் ஒத்திகையில் தவறு திருத்தவே இரண்டு மணி நேரம் ஆனது. இடைவேளைக்குப் பிறகு நடத்துநர் மூடி வைத்துவிட்டார். கச்சேரியில் வேறொன்று வாசித்தோம். அந்த இசை நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒத்திகை நேரம்தான் இசைக்குழுவின் பெரிய செலவு. அதை மிச்சப்படுத்துகிற பார்ட்டுக்கு மரியாதை தானாக வரும்.

குரோஷியர்களுக்கு அச்சிட்ட நோட்ஸ் மேல் இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு பழைய வேரும் உண்டு. இஸ்திரியா தீபகற்பத்தில் குன்றின் மேல் மொட்டோவுன் என்று ஒரு ஊர். இன்று காளானுக்காகச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். அங்கே பிறந்த ஆண்ட்ரியா ஆண்டிகோ என்பவர் 1510இல் ரோமில் பாட்டுத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்புதான் வெனிஸில் பெட்ரூச்சி அச்செழுத்து கோத்துப் பல குரல் இசையை அச்சிட்டுப் பெயர் வாங்கியிருந்தார். ஆண்டிகோ அச்செழுத்து பக்கம் போகவில்லை; முழுப் பக்கத்தையும் மரக்கட்டையில் செதுக்கினார். வேலை அதிகம், ஆனால் கோடும் சுரமும் ஒரே அழுத்தில் பிசகாமல் விழும். போட்டி சூடு பிடித்தது. கீபோர்டு இசையை அச்சிடும் உரிமை பெட்ரூச்சியிடம் இருந்தது, அவர் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை; போப் பத்தாம் லியோ அதைப் பிடுங்கி ஆண்டிகோவிடம் கொடுத்தார். 1517இல் இத்தாலியின் முதல் அச்சிட்ட கீபோர்டு புத்தகம் ஆண்டிகோவிடமிருந்து வந்தது.

அந்தப் புத்தகத்தின் முகப்புப் படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஒருவர் பியானோவுக்கு முந்திய வாத்தியமான ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறார். பக்கத்தில் ஒரு பெண். கீழே ஒரு குரங்கு லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண் அதைச் சட்டை செய்யவில்லை. லூட் இசைப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தவர் பெட்ரூச்சி. குரங்கு யாரென்று அறிஞர்கள் ஊகித்திருக்கிறார்கள். பதிப்பாளர்களின் வம்பு ஐந்நூறு வருடமாக மாறவில்லை.

இங்கே ஒரு ஜாக்கிரதை சொல்ல வேண்டும். ஆண்டிகோ பிறந்தபோது மொட்டோவுன் வெனிஸ் குடியரசில் இருந்தது, அவர் உழைத்ததும் ரோமிலும் வெனிஸிலும்தான். இத்தாலியர்கள் அவரைத் தங்கள் ஆள் என்பார்கள், குரோஷியர்கள் ஆண்ட்ரியா மொட்டோவுன்யானின் என்பார்கள். அந்தக் கடற்கரையில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் இருக்கும். இது வெறும் கௌரவச் சண்டை என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் மென்பொருளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

ஷிபெனிக்கில் பிறந்து ஸ்ப்ளிட் பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்த பிரான்சிஸ்கன் துறவி இவான் லுகாச்சிச்சின் கதையும் தாள் பற்றிய கதைதான். 1620இல் அவருடைய 27 லத்தீன் பக்திப் பாடல்கள் வெனிஸில் அச்சாயின. அப்புறம் மூன்று நூற்றாண்டு மௌனம். இருபதாம் நூற்றாண்டில் ஜாக்ரெப்காரர் டிராகன் பிளாமெனாட்ஸ் பெர்லின் நூலகத்தில் இருந்த ஒரு பிரதியைப் பிடித்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களை 1935இல் ஜாக்ரெப்பில் பதிப்பித்தார். அதன் பிறகுதான் குரோஷியக் குழுக்கள் லுகாச்சிச்சைப் பாடத் தொடங்கின. பெர்லினில் இருந்த அந்தப் பிரதி இரண்டாம் உலகப் போரின்போது இடம் மாறி இப்போது போலந்தின் கிராக்கோவில் இருக்கிறது. போர்க் குழப்பத்தில் அது தொலைந்திருந்தாலும் 1935 பதிப்பில் வந்த பாடல்களாவது பிழைத்திருக்கும். நூறு பிரதி நூறு ஊரில் இருப்பதன் அருமை அப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜப்பானில் நடக்கிறது. குரோஷிய இசையமைப்பாளர் இவான் ஸாய்ட்ஸ் 1866இல் வியன்னாவில் இருந்தபோது, அங்கே படித்த குரோஷிய மாணவர்களுக்காக ஆண்குரல் பாட்டு ஒன்று எழுதினார். 'உ போய்', அதாவது 'போருக்கு'. பத்து வருடம் கழித்து அதையே தன் 'நிகோலா ஷுபிச் ஸ்ரின்ஸ்கி' ஆபெராவின், அதாவது இசை நாடகத்தின், உச்சத்தில் வைத்தார். 1919இல் ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த செக்கோஸ்லோவாக் படைவீரர்களின் கப்பல் பழுதாகி கோபே துறைமுகத்தில் நின்றது. ரிப்பேர் முடியும்வரை வீரர்களுக்குப் பாடுவதைத் தவிர வேலையில்லை. அங்கிருந்த குவான்செய் காகுயின் கல்லூரிப் பாடற்குழு மாணவர்களோடு பழக்கமாகி, சில பாட்டுகளின் நோட்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று உ போய். மாணவர்கள் அதைப் பாடினார்கள், அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள், மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. மொழி தெரியாது, எந்த நாட்டுப் பாட்டு என்பதுகூட நெடுநாள் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஜப்பானிய ஆண்குரல் குழுக்களில் இன்று அது நிலையான உருப்படி.

அந்த நோட்ஸை எந்த அமைச்சகமும் அனுப்பவில்லை. பாடத் தெரிந்தவர்கள் கையில் பாடக்கூடிய தாள் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். உங்கள் பதிப்பகத்தார் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கதையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும். பாடற்குழுதான் அவர்களுக்கு முதல் வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். நாற்பது பேர் பாடினால் நாற்பது பிரதி வேண்டும், பக்கம் நாலைந்துதான், அச்சுச் செலவு குறைவு, பியானோ ஒன்று இருந்தால் ஒத்திகை நடக்கும். குரோஷிய மொழி உச்சரிப்பு மட்டும் வெளிநாட்டுக்காரருக்குப் பயமாக இருக்கும். முன்பக்கத்தில் உச்சரிப்புக் குறிப்பும் பொருளும் கொடுத்தால் பயம் பாதி போய்விடும்.

பெரிய பதிப்பகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இசையமைப்பாளர் யோசிப் ஷ்டோல்ட்சர் ஸ்லாவென்ஸ்கி. சாக்கோவெட்ஸில் பிறந்த ரொட்டிக்கடைக்காரர் மகன். 1924இல் டோனாவெஷிங்கன் விழாவில் இவருடைய நால்வர் தந்திக்குழு இசை எடுபட்டது, ஜெர்மனியின் ஷாட் பதிப்பகம் ஒப்பந்தம் போட்டது. இவருடைய 'பால்கனோபோனியா'வை 1929இல் பெர்லினில் எரிக் கிளைபர் நடத்தினார். ஷாட் என்றால் எல்லா ஊர்க் கடையிலும் பட்டியல், எல்லா நடத்துநருக்கும் தெரிந்த முகவரி. அதே தலைமுறைக்குக் கொஞ்சம் முந்திய பிளாகோயே பெர்ஸாவும் பதிப்பகத்தில்தான் இருந்தார், ஆனால் மேசைக்கு மறுபக்கம். வியன்னாவின் டோப்ளிங்கரில் மற்றவர்கள் இசையை இசைக்குழுவுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலை. 1919இல் ஊர் திரும்பியவரின் கையில் 'சூரிய வயல்கள்' என்ற அருமையான இசைக்குழுப் படைப்பு இருந்தது. குரோஷியர்களுக்கு அது பொக்கிஷம். வெளியே கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, சின்னப் பதிப்பகம் எதை முதலில் போட வேண்டும்? நாட்டின் பெருமை என்று ஆபெராவில் ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். குரோஷியாவின் மக்கள்தொகையே 39 லட்சத்துக்குள். உள்ளூர் விற்பனையை நம்பி ஆபெரா மெட்டீரியல் போட முடியாது, வெளியூரில் ஆபெரா அரங்கேற்றுவது கல்யாணம் பண்ணி வைப்பது மாதிரி, ஆயிரம் பேர் சம்மதிக்க வேண்டும். ஒரு நபர் தானே முடிவெடுத்து நாளைக்கே வாங்கக்கூடிய நோட்ஸ்தான் முதலில் வெளியே போகும்.

ருடால்ஃப் மாட்ஸைப் பாருங்கள். 1901இல் பிறந்தவர், ஜாக்ரெப்பில் செல்லோ ஆசிரியர். பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் செல்லோ கற்பிக்கப் பயிற்சிகளும் சின்னச் சின்ன உருப்படிகளுமாகக் கட்டுக்கட்டாக எழுதினார். அவற்றைக் கனடாவில் ஒரு பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டு வந்தது. குரோஷியா எங்கே இருக்கிறது என்று தெரியாத செல்லோ ஆசிரியர்கள்கூட மாட்ஸ் பயிற்சி கொடுக்கிறார்கள். எட்டு வயதில் ஒரு குரோஷியர் பெயரைத் தாளின் வலது மூலையில் பார்த்த பிள்ளை, இருபத்தெட்டு வயதில் வேறொரு குரோஷியப் பெயரைப் பார்த்தால் மிரளாது.

அடுத்தது, பசியோடு இருக்கும் வாத்தியங்கள். பியானோக்காரரிடம் புதுசாக எதையாவது நீட்டினால், "ஷோபானையே இன்னும் முடிக்கவில்லை" என்பார். டிம்பானி என்ற பெரிய முரசு வாசிப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். அவர் முன்னால் நின்று வாசிக்க உலகத்தில் எத்தனை கான்செர்டோ இருக்கிறது? குரோஷிய இசையமைப்பாளர் போரிஸ் பாபண்டோபுலோ டிம்பானிக்கும் எழுதியிருக்கிறார், சைலபோனுக்கும் எழுதியிருக்கிறார். தாள வாத்தியக்காரர்கள் உலகமெங்கும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர் வாசித்தால் இன்னொருவர் கேட்பார். கிதார் இன்னொரு பசி. வராஷ்டினில் 1800இல் பிறந்த இவான் பாடோவெட்ஸ் கிதார் வித்துவான், பத்துத் தந்தி கிதார் ஒன்றையே வடிவமைத்தவர். வியன்னாப் பதிப்பகங்கள் இவர் இசையை அப்போதே அச்சிட்டன. கடைசிக் காலத்தில் பார்வை போய், வறுமையில் சொந்த ஊரிலேயே இறந்தார். பழைய காலக் கிதார் இசையைத் தேடுகிற கூட்டம் இப்போது பெரிது, அவர்களுக்கு நல்ல தெளிவான பதிப்பு இருந்தால் போதும், கூவி விற்க வேண்டியதில்லை.

துப்ரோவ்னிக்கின் லூகா சோர்கோச்செவிச்சை மாணவர் இசைக்குழுக்களுக்குக் கொடுக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபு, குடியரசின் தூதராக வியன்னா போய் ஹைடன், குளுக் என்ற பெரிய இசையமைப்பாளர்களைச் சந்தித்துவிட்டு வந்தவர். அவருடைய சிம்பொனிகள் சின்னவை, மூன்று பகுதி, பெரிய ஆள்பலம் வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளால் வாசிக்க முடியும், கேட்கவும் மொசார்ட்டின் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். பள்ளி ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

உரிமைக் கணக்கு கொஞ்சம் வறட்டு விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கும். பெயாச்செவிச், பெர்ஸா எல்லாம் எப்போதோ உரிமை முடிந்து பொதுச்சொத்து ஆகிவிட்டார்கள். ஸ்லாவென்ஸ்கி 1955இல் இறந்தார், ஆகவே 2025 முடிவோடு அவரும். 'ஏரோ' ஆபெராவின் கோட்டோவாட்ஸ் 1982இல் இறந்தார், பாபண்டோபுலோ 1991இல். இவர்களுக்கு வாரிசுகளிடமும் பழைய பதிப்பாளரிடமும் பேசாமல் ஒரு வரிகூட அச்சிட முடியாது. அமெரிக்காவில் கணக்கே வேறு, பழைய படைப்புகளுக்கு அங்கே வெளியான ஆண்டைப் பார்ப்பார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு: உரிமைக் காலம் முடிந்தும் அதுவரை வெளியாகாமலே கிடந்த ஒரு படைப்பை முதன்முதலில் வெளியிடுகிறவருக்கு ஐரோப்பியச் சட்டம் 25 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. 1827இல் தொடங்கிய குரோஷிய இசைக் கழகத்தின் ஆவணக்காப்பகம், கடற்கரை மடங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் பிரதிகள் கிடக்கிற ஒரு நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று உங்கள் பதிப்பகத்தாரிடம் தகராறு நடந்துகொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். பெரிய இசைக்குழுப் படைப்புகளை வாடகைக்கு விடுவதுதான் பதிப்பகங்களின் வழக்கம். ஒவ்வொரு கச்சேரிக்கும் பணம் வரும், பார்ட் திரும்பி வரும், திருத்தம் இருந்தால் அடுத்த முறை போட்டு அனுப்பலாம். உரிமை உள்ள இசைக்கு அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொதுச்சொத்தாகிவிட்ட சோர்கோச்செவிச்சை ஏன் வாடகைக்கு விட வேண்டும்? ஒரு மாணவர் குழுவுக்கு வாடகைப் படிவமே தலைவலி. விற்றுவிடுங்கள். விற்ற பார்ட் அந்தக் குழுவின் அலமாரியில் முப்பது வருடம் இருக்கும், நிகழ்ச்சி நிரலில் ஒரு ஓட்டை விழும்போதெல்லாம் யாராவது அதை எடுப்பார்கள். பெர்ஸா மாதிரிப் பெயர் தெரியாதவர்களுக்கு ஸ்கோரைப் பார்வைக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாம். பணம் பார்ட்டில் வரும்.

கைவினைப் பக்கம் வருகிறேன், இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பார்ட்டில் பக்கம் முடியும் இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்க வேண்டும். அதற்காகப் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டாலும் யாரும் திட்ட மாட்டார்கள். பதினெட்டு தாள ஆவர்த்தனம் சும்மா இருந்துவிட்டு நுழைய வேண்டிய இடத்தில், அதற்கு முன் ஓபோ மாதிரி வேறு வாத்தியம் என்ன வாசிக்கிறது என்று சின்ன எழுத்தில் காட்ட வேண்டும், எண்ணிக்கை தவறினால் பிடித்துக்கொள்ள. ஒத்திகைக் குறி ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தாள் ஏ4 போதாது, இரண்டு பேர் ஒரு ஸ்டாண்டில் எட்ட உட்கார்ந்து படிக்கிறார்கள், அதைவிடப் பெரிதாக வேண்டும். மெல்லிய தாளில் மேடை விளக்கு பட்டால் பின்பக்கத்துச் சுரங்களும் நிழலாகத் தெரியும். வெள்ளையாகப் பளபளத்தால் கண் கூசும். கொஞ்சம் கனமான, மங்கலான மஞ்சள் தாள்தான் எங்களுக்குப் பிடிக்கும். பென்சிலால் எழுதி அழிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வில் மேலா கீழா என்று எழுதாத பார்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

கோப்பு விஷயம் உங்கள் துறை. 2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற பிரபலமான நோட்ஸ் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று அதன் நிறுவனமே அறிவித்துவிட்டது. பல பதிப்பகங்களின் முப்பது வருட உழைப்பு அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஆட்களும் ஃபினாலே வைத்திருந்தால், அது இன்னும் ஓடுகிற கணினி ஒன்று அலுவலகத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மற்ற நோட்ஸ் மென்பொருள்களும் படிக்கக்கூடிய மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மாற்றும்போது பக்க அமைப்பு குலையும், சுரமாவது மிஞ்சும்.

இப்போது அந்த இரண்டு பெயர் சமாசாரம். நான் நூலகத்தில் இருந்தபோது பதினெட்டாம் நூற்றாண்டு வயலின் வித்துவான் ஒருவரின் கான்செர்டோ வேண்டும் என்று கேட்டார்கள், ஜோர்னோவிக்கி என்று எழுதியிருந்தது. தேடினேன், ஒரு பட்டியலில் கிடைத்தது, அதில் பார்ட் இல்லை. விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவரையே குரோஷியர்கள் இவான் மானே யார்னோவிச் என்கிறார்கள், அந்தப் பெயரில் இன்னொரு இடத்தில் பார்ட் இருந்திருக்கிறது! சோர்கோச்செவிச் இத்தாலிய ஆவணங்களில் சோர்கோ. ஆண்டிகோவும் மொட்டோவுன்யானினும் ஒரே ஆள். ஸ்லாவென்ஸ்கி சில இடத்தில் ஷ்டோல்ட்சர். பெயாச்செவிச்சின் பெயரில் 'சி' மேல் இரண்டு விதமான குறிகள் வரும், ஜெர்மன்காரரோ ஜப்பான்காரரோ அந்தக் குறிகளை ஒருநாளும் தட்டச்சு செய்யப்போவதில்லை. அவருடைய பாட்டுகளில் சில, ரில்கே, கார்ல் கிராவுஸ் என்ற எழுத்தாளர்களின் ஜெர்மன் வரிகளுக்கு எழுதியவை. பாடகி ஒருத்தி தேடும்போது ரில்கே என்று தேடவும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே உங்கள் மென்பொருளில் இசையமைப்பாளருக்கு ஒரே பெயர்ப் பெட்டி வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் சேர்க்க வழி செய்யுங்கள். பாடல் ஆசிரியர், வாத்தியம், நிமிடக் கணக்கு, எத்தனை ஆள் வேண்டும், வாசிப்பது எவ்வளவு கடினம், 979-0 என்று தொடங்கும் இசை எண் (புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் மாதிரி), இதெல்லாம் தனித்தனிப் பெட்டியாக இருக்கட்டும். பார்ட் இருக்கிறதா, விற்பனையா வாடகையா, எத்தனை நாளில் வரும் என்பது முதல் திரையிலேயே தெரிய வேண்டும். எல்லாம் முடிந்ததும் குறியெதுவும் போடாமல் வெறும் ஆங்கில எழுத்தில் பெயாச்செவிச் என்று தட்டிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால், அந்த நடத்துநர் போனை வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.